அமெரிக்க அலிகேட்டர்

அமெரிக்க அலிகேட்டர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள நன்னீர்ச் சதுப்பு நிலங்களில் வாழும் பெரிய ஊர்வன விலங்கு ஆகும். முதலை வரிசையைச் சேர்ந்த இவ்விலங்கு, அலிகேட்டர் பேரினத்தில் இன்று எஞ்சியிருக்கும் இரண்டே இனங்களுள் ஒன்று. மற்றொன்று சீன அலிகேட்டர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோலுக்காகப் பெருமளவில் வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்பை எட்டிய இவ்வினம், பின்னர் மீண்டு, இன்று பல இலட்சக்கணக்கில் காணப்படுகின்றது. இதன் முட்டைகளில் இருந்து வெளிவரும் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பது மரபணுக்களால் அல்லாமல் கூட்டின் வெப்பநிலையால் முடிவாகின்றது.

அறிவியல் வகைப்பாடு

திணை: விலங்கு
தொகுதி: முதுகுநாணி
வகுப்பு: ஊர்வன
வரிசை: குரோக்கொடிலியா
குடும்பம்: அலிகேட்டரிடே
பேரினம்: அலிகேட்டர்
இனம்: அலிகேட்டர் மிசிசிப்பியென்சிஸ்
காப்பு நிலை: தீவாய்ப்பு குறைந்த இனம்

பெயரும் வகைப்பாடும்

பல்லி எனப் பொருள்படும் 'எல் லகார்த்தோ' என்னும் எசுப்பானியச் சொல்லே மருவி 'அலிகேட்டர்' ஆயிற்று. புளோரிடாவுக்கு வந்த எசுப்பானியர் இவ்விலங்கை அவ்வாறு அழைத்தனர். பிரெஞ்சு விலங்கியலாளர் பிரான்சுவா மரி தோதென் 1802ஆம் ஆண்டில் இவ்வினத்தை அறிவியல் முறைப்படி விவரித்தார். இனப்பெயர் மிசிசிப்பி ஆற்றைக் குறிக்கின்றது.

தமிழில் 'முதலை' என்ற சொல் குரோக்கொடைல், அலிகேட்டர் ஆகிய இரண்டுக்கும் பொதுவாக வழங்குகின்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் அலிகேட்டர்கள் இயற்கையில் வாழ்வதில்லை என்பதால் அவற்றுக்குத் தனிப்பெயர் தோன்றவில்லை. இக்கட்டுரையில் குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, குரோக்கொடைல் குடும்பத்தைச் சேர்ந்தவை 'முதலை' என்றும், அலிகேட்டர் பேரினத்தைச் சேர்ந்தவை 'அலிகேட்டர்' என்றும் குறிக்கப்படுகின்றன.

தோற்றத்தில் பல்லிகளை ஒத்திருப்பினும், உறவு முறையில் அலிகேட்டர்களும் முதலைகளும் பல்லிகளை விடப் பறவைகளுக்கே நெருக்கமானவை. நான்கு அறை கொண்ட இதயம், கூடு கட்டுதல், குஞ்சு பேணுதல் ஆகியன இரு கூட்டத்துக்கும் பொதுவானவை.

முதலையில் இருந்து வேறுபாடு

அலிகேட்டரின் முகவாய் அகன்று, நுனி வட்டமாக, மேலிருந்து நோக்கின் பானாவைப் போல் அன்றி வளைந்த லாட வடிவில் இருக்கும். பெரும்பாலான முதலைகளின் முகவாய் ஒடுங்கி நுனி கூரியதாக இருக்கும். எனினும் முகவாயை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பிழைக்கு இடமளிக்கும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வாழும் சதுப்புநில முதலையின் முகவாயும் அகன்றதே. அதைக் கண்டு அலிகேட்டர் என எண்ணுவோர் உளர்.

பற்களை நோக்குவது நம்பகமான முறை. அலிகேட்டர் வாயை மூடும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் மேல்தாடையில் உள்ள குழிக்குள் சென்று மறைந்துவிடும். முதலையில் அப்பல் மேல்தாடையின் வெளிப்புறத்தில் உள்ள பள்ளத்தில் பொருந்துவதால், வாய் மூடியிருக்கும் போதும் வெளியே தெரியும்.

பிற வேறுபாடுகள்:

- முதலைகளின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. அலிகேட்டர்களில் இவ்வாறு செயற்படும் சுரப்பிகள் இல்லை. ஆகவே அவை உப்பு நீரில் நெடுநாள் தங்க இயலாது.
- தோலில் உள்ள நுண்ணிய உணர்வுப் புள்ளிகள் முதலைகளில் உடல் முழுவதும் காணப்படும். அலிகேட்டர்களில் அவை தாடைப் பகுதியில் மட்டுமே உள்ளன. நீரில் ஏற்படும் மிக மெல்லிய அதிர்வையும் இவை உணர்கின்றன என்பது 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது.
- அலிகேட்டர்கள் முதலைகளை விடக் குளிரை நன்கு தாங்கும்.

அலிகேட்டரும் முதலையும் இயற்கையில் ஒரே இடத்தில் வாழ்வது தெற்குப் புளோரிடாவில் மட்டுமே. அங்கு அமெரிக்க அலிகேட்டர் நன்னீரிலும், அமெரிக்க முதலை பெரும்பாலும் கடலோர உவர் நீரிலும் வாழ்கின்றன.

உடலமைப்பு

வளர்ந்த அலிகேட்டரின் மேற்புறம் கருமை அல்லது கருஞ்சாம்பல் நிறமாகவும் அடிப்புறம் வெளிறியும் இருக்கும். இளம் விலங்குகளில் மஞ்சள் நிறக் குறுக்குப் பட்டைகள் காணப்படும். வளர வளர இவை மங்கிவிடும். முதுகுத் தோலின் கீழ் எலும்புத் தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன. இவை கவசமாகப் பயன்படுவதுடன், வெயிலில் வெப்பத்தை உள்வாங்கவும் உதவுகின்றன.

கண்களும் மூக்குத் துளைகளும் தலையின் மேற்புறத்தில் இருப்பதால், உடல் முழுவதும் நீருள் மறைந்திருக்கும் நிலையிலும் விலங்கு பார்க்கவும் மூச்சுவிடவும் முடிகின்றது. தொண்டையில் உள்ள மடல் நீர் உள்ளே புகாமல் தடுப்பதால், நீரினுள் வாயைத் திறந்து இரையைப் பிடிக்க இயலும்.

வாயில் 74 முதல் 80 பற்கள் வரை உள்ளன. விழும் பற்களுக்கு ஈடாகப் புதிய பற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். கடிக்கும் விசை மிகப் பெரிது. 2003ஆம் ஆண்டில் வெளியான அளவீட்டில் ஒரு பெரிய அலிகேட்டரின் கடிவிசை 9,400 நியூட்டனுக்கும் கூடுதலாகப் பதிவாயிற்று. ஆனால் வாயைத் திறக்கும் தசைகள் வலுக்குறைந்தவை. அதனால் மூடிய தாடைகளை ஒரு கயிற்றாலோ ஒட்டு நாடாவாலோ கட்டி வைத்துவிட இயலும்.

பறவைகளைப் போலவே அலிகேட்டரின் நுரையீரலிலும் காற்று ஒரே திசையில் செல்கின்றது என்பதை யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இளம் அலிகேட்டர்களுக்குத் துண்டான வால் ஓரளவு மீண்டும் வளரும் என்பது 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. புதிதாக வளரும் பகுதியில் எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பே இருக்கும்.

அளவு

முட்டையில் இருந்து வெளிவரும் குஞ்சு 20 முதல் 25 செண்டிமீட்டர் வரை நீளமிருக்கும். வளர்ந்த ஆண் விலங்கு சராசரியாக 3.4 மீட்டர் நீளம் உடையது. சில 4 மீட்டரையும் தாண்டும். பெண் சராசரியாக 2.5 மீட்டர் நீளம் வளரும். 3 மீட்டரைத் தாண்டும் பெண் விலங்குகள் அரிது. நீளத்தில் சுமார் பாதி வால் ஆகும்.

நீளம் கூடும்போது எடை அதை விடப் பல மடங்கு வேகமாகக் கூடுகின்றது. 2 மீட்டர் நீளமுள்ள விலங்கைத் தனியொருவர் தூக்கிவிடலாம். 4 மீட்டர் நீளமுள்ள ஆண் 300 கிலோகிராமைத் தாண்டக்கூடும். 2014ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் பிடிக்கப்பட்ட ஆண் அலிகேட்டர் 4.8 மீட்டர் நீளமும் 459 கிலோகிராம் எடையும் கொண்டிருந்தது. முறையாக அளந்து உறுதி செய்யப்பட்டவற்றுள் மிகப் பெரியதாக இது கருதப்படுகின்றது. 1890ஆம் ஆண்டில் லூசியானாவில் 5.84 மீட்டர் நீள அலிகேட்டர் சுடப்பட்டதாக ஒரு பழைய பதிவு உண்டு. அதன் உடலோ தோலோ பாதுகாக்கப்படாததால் அப்பதிவை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.

நீரில் தலை மட்டும் தெரியும் விலங்கின் நீளத்தைக் கணிக்க எளிய வழி ஒன்று வழக்கில் உள்ளது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடைப்பட்ட தூரம் எத்தனை அங்குலமோ, மொத்த நீளம் ஏறத்தாழ அத்தனை அடி.

பரவலும் வாழிடமும்

வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டெக்சாஸ், ஆர்கன்சா, ஓக்லகோமா ஆகிய பத்து மாநிலங்களில் அமெரிக்க அலிகேட்டர் காணப்படுகின்றது. கடைசி இரு மாநிலங்களில் தெற்கு ஓரங்களில் மட்டும் உள்ளது. லூசியானாவிலும் புளோரிடாவிலும் மிகுதியாக வாழ்கின்றன.

ஏரி, குளம், மெதுவாக ஓடும் ஆறு, புல் நிறைந்த சதுப்பு நிலம், சைப்பிரசு மரங்கள் நிற்கும் சதுப்புக் காடு ஆகியன இதன் இயல்பான வாழிடங்கள். இன்று கால்வாய்கள், கோல்ப் மைதானக் குட்டைகள், குடியிருப்புகளை ஒட்டிய நீர்த்தேக்கங்கள் ஆகியவற்றிலும் காணலாம். உவர் நீரிலும் சிறிது காலம் தங்கி நண்டு முதலியவற்றை உண்டு, பின் நன்னீருக்குத் திரும்பும்.

பெரிய ஆண் விலங்குகள் திறந்த ஆழமான நீரை விரும்பும். பெண்கள் செடிகொடி அடர்ந்த ஆழமற்ற பகுதிகளில், கூடு கட்டத் தகுந்த இடத்துக்கு அருகில் தங்கும்.

வெப்பநிலையும் குளிர்காலமும்

அலிகேட்டர் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. வெயிலில் கிடந்தும் நீரில் இறங்கியும் அதைச் சீர்செய்து கொள்கின்றது. 28 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் சுறுசுறுப்பாக இருக்கும். சுமார் 21 பாகைக்குக் கீழே சென்றால் உண்பதை நிறுத்திவிடும். 13 பாகைக்குக் கீழே செயலற்றுக் கிடக்கும். இக்காலத்தில் கரையில் தோண்டிய வளைகளிலோ நீரின் அடியிலோ தங்கும்.

நீர் உறையும் நிலை வந்தால், மூக்கு நுனியை மட்டும் நீர்ப்பரப்புக்கு மேலே நீட்டி வைத்துக்கொள்ளும். சுற்றிலும் பனிக்கட்டி உறைந்தாலும் மூச்சுவிட வழி இருக்கும். 2018ஆம் ஆண்டு சனவரியில் வட கரோலினாவில் இவ்வாறு உறைந்த குட்டையில் மூக்குகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த காட்சி பலராலும் பார்க்கப்பட்டது. பனி உருகியதும் அவை வழக்கம்போல் நீந்தலாயின.

அலிகேட்டர் குழிகள்

தெற்குப் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் கோடையில் மழையும், குளிர்காலம் முதல் இளவேனில் வரை வறட்சியும் நிலவும். வறட்சியில் நீர் வற்றும்போது, அலிகேட்டர் தன் வாய், கால்கள், வால் ஆகியவற்றால் சேற்றையும் செடிகளையும் அகற்றிப் பள்ளம் உண்டாக்குகின்றது. இப்பள்ளத்தில் மட்டும் நீர் எஞ்சியிருக்கும். மீன், நத்தை, தவளை, ஆமை ஆகியன அங்கு அடைக்கலம் புகும். நாரைகளும் கொக்குகளும் அவற்றை உண்ண வரும். மழை திரும்பியதும் எஞ்சிய மீன்கள் அங்கிருந்து சதுப்பு நிலம் முழுவதும் பரவும். பள்ளத்தில் இருந்து வெளியே தள்ளிய சேறு மேடாகி, அதில் மரஞ்செடிகள் வளரும். இக்காரணத்தால் சூழலியலாளர்கள் அலிகேட்டரை அச்சூழலின் ஆதார இனமாகக் கருதுகின்றனர்.

உணவு

குஞ்சுகள் பூச்சி, நத்தை, சிறு மீன், தலைப்பிரட்டை போன்றவற்றை உண்ணும். வளர்ந்தவை மீன், ஆமை, பாம்பு, நீர்ப்பறவை, நியூட்ரியா என்னும் கொறிணி, ரக்கூன் முதலியவற்றைப் பிடிக்கும். மிகப் பெரியவை மான், காட்டுப்பன்றி ஆகியவற்றையும் பிடிப்பதுண்டு. தம் இனத்தின் சிறிய விலங்குகளையும் உண்ணும். அலிகேட்டர் உள்ளிட்ட முதலை இனங்கள் பழங்களையும் உண்பது 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் தொகுத்துக் காட்டப்பட்டது.

பெரிய இரையை மென்று உண்ண முடியாது. ஆகவே இரையைக் கவ்வியபடி நீரில் உருண்டு தசையைத் துண்டாகப் பிய்த்து விழுங்கும். குளிர் இரத்த விலங்கு ஆதலால் உணவுத் தேவை குறைவு. பல மாதங்கள் உண்ணாமலும் இருக்கும்.

வாழ்க்கைச் சுழற்சி

இணைசேர்தல்

ஏப்ரல் மாதத்தில் இணை தேடல் தொடங்கி, மே, சூன் தொடக்கம் வரை நீடிக்கும். ஆண் விலங்கு தலையையும் வாலையும் நீருக்கு மேல் உயர்த்தி, ஆழ்ந்த குரலில் உறுமும். உறுமலுக்குச் சற்று முன் மனிதச் செவிக்கு எட்டாத தாழ் அதிர்வெண் ஒலி எழும். அப்போது முதுகின் மேல் உள்ள நீர் துள்ளித் தெறிக்கும். பெண்ணும் உறுமும், ஆனால் இத்தாழ் ஒலியை எழுப்பாது.

லூசியானாவின் ராக்பெல்லர் வனவிலங்குக் காப்பகத்தில் பத்தாண்டுகள் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2009ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி, ஒரே கூட்டின் முட்டைகளுக்குத் தந்தை ஒன்றுக்கு மேற்பட்டிருக்கலாம். ஆயினும் பெண் விலங்குகள் பல, ஆண்டுகள் கடந்தும் முன்னர் இணைந்த அதே ஆணுடன் மீண்டும் இணைந்திருந்தன.

கூடும் முட்டைகளும்

சதுப்புநில முதலை மணலில் குழி தோண்டி முட்டையிடும். அலிகேட்டரோ புல், இலை, சேறு ஆகியவற்றைக் குவித்து மேடாகக் கூடு கட்டும். கூடு சுமார் ஒரு மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் அகலமும் இருக்கும். சூன் பிற்பகுதியில் அல்லது சூலைத் தொடக்கத்தில் பெரும்பாலும் 30 முதல் 45 வரையிலான முட்டைகளை இட்டு மூடிவிடும். தாய் முட்டைகளின் மேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. மட்கும் தாவரங்கள் வெளியிடும் வெப்பமும் வெயிலுமே முட்டைகளுக்குச் சூடளிக்கின்றன. அடைகாலம் 60 முதல் 65 நாட்கள்.

தாய் கூட்டின் அருகிலேயே இருந்து காவல் காக்கும். இருந்தும் ரக்கூன்கள் முட்டைகளைத் திருடுவதும், வெள்ளத்தில் கூடு மூழ்குவதும் அடிக்கடி நிகழ்கின்றன. புளோரிடாவின் செவ்வயிற்று ஆமை தன் முட்டைகளை அலிகேட்டர் கூட்டில் இட்டுச் செல்லும். காவல் இலவசமாகக் கிடைப்பதே இதன் பயன்.

வெப்பநிலையும் பாலினமும்

அலிகேட்டரில் ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கும் நிறப்புரிகள் இல்லை. மார்க் பெர்குசன், டெட் ஜோவனென் ஆகிய இருவரும் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 30 பாகையிலும் அதற்குக் கீழும் வைத்த முட்டைகளில் இருந்து பெண்களே வந்தன, 34 பாகையில் ஆண்களே வந்தன. பிற்கால ஆய்வுகள் இதைத் திருத்தமாக்கின. ஆண்கள் மிகுதியாகத் தோன்றுவது சுமார் 33 பாகையை ஒட்டியே ஆகும். அதற்கு மேல் வெப்பம் கூடினால் பெண்கள் மீண்டும் தோன்றத் தொடங்குகின்றன. பாலினம் முடிவாவது அடைகாலத்தின் நடுப்பகுதியில் ஆகும். அதன் பின் வெப்பநிலை மாறினாலும் பாலினம் மாறாது.

ஆகவே கூடு அமையும் இடம் முக்கியமாகின்றது. கரைமேட்டில் உலர்ந்த இடத்தில் உள்ள கூடுகள் சூடாக இருப்பதால் ஆண்களையும், ஈரச் சதுப்பில் உள்ளவை குளிர்ந்திருப்பதால் பெண்களையும் மிகுதியாகத் தருகின்றன. வெப்பத்தை உணரும் ஒரு புரதம் இச்செயலில் பங்கு கொள்வதை 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. புவி வெப்பமாதல் ஆண், பெண் விகிதத்தைக் குலைக்குமா என்ற கேள்வி எழுவது இதனாலேயே. இரண்டு மூன்று பாகை வேறுபாடு ஒரு கூட்டின் குஞ்சுகள் அனைத்தின் பாலினத்தையும் மாற்றப் போதுமானது.

குஞ்சு பொரித்தல்

ஆகத்து இறுதியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில், முட்டைக்குள் இருந்தே குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கும். ஒலி கேட்ட தாய் கூட்டைப் பிரிக்கும். முகவாய் நுனியில் உள்ள சிறு முட்டைப் பல்லால் குஞ்சு ஓட்டைக் கிழித்து வெளிவரும். வெளிவர இயலாத முட்டையைத் தாய் வாயில் வைத்து மெல்ல உருட்டி உடைத்து உதவும். பின்னர் குஞ்சுகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டு செல்லும்.

குஞ்சுகள் கூட்டமாகத் தாயின் அருகே ஓராண்டோ அதற்கு மேலுமோ தங்கும். ஆபத்து நேர்ந்தால் குஞ்சு எழுப்பும் ஒலியைக் கேட்டுத் தாய் விரைந்து வரும். கொக்கு, ரக்கூன், நீர்நாய், பெரிய மீன், வளர்ந்த அலிகேட்டர் ஆகியன குஞ்சுகளின் எதிரிகள்.

பிழைத்தலும் வளர்ச்சியும்

புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு பின்வருமாறு:

- ஒரு கூட்டில் சராசரியாக இடப்படும் முட்டைகள்: 38
- கூடு அழியாமல் தப்பினால் வெளிவரும் குஞ்சுகள்: 24
- ஓராண்டு வரை உயிர் வாழ்பவை: 10
- நான்கு அடி நீளம் எட்டுபவை: 8
- ஆறு அடி நீளம் எட்டி முதிர்ச்சி அடைபவை: 5

இது எண்ணிக்கை பெருகிவரும் கூட்டத்துக்கான கணக்கு. பெரிய விலங்குகள் நிறைந்த இடத்தில் அவையே சிறியவற்றை உண்பதால் பிழைப்போர் தொகை இன்னும் குறையும். பல கூடுகள் முழுவதுமாக அழிந்துவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால், குஞ்சுப் பருவத்தைத் தாண்டுவதே அலிகேட்டரின் வாழ்வில் மிகக் கடினமான கட்டம் என்பது விளங்கும். ஓரளவு பெரிதாகிவிட்டால் மனிதனும் பெரிய அலிகேட்டர்களும் தவிர எதிரிகள் அரிது.

வளர்ச்சி வேகம் உணவையும் வெப்பத்தையும் பொறுத்து ஆண்டுக்கு 5 முதல் 30 செண்டிமீட்டர் வரை வேறுபடும். இனப்பெருக்க முதிர்ச்சி வயதை விட நீளத்தையே சார்ந்தது. ஏறத்தாழ 1.8 முதல் 2.1 மீட்டர் வரை நீளம் எட்டும்போது முதிர்ச்சி அடையும். இதற்குப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். ஊர்வன வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் தென் கரோலினாவில் பல்லாண்டுகள் நடந்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அலிகேட்டரின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதையும், அதன் பின்னும் பெண்கள் பல ஆண்டுகள் முட்டையிடுவதையும் காட்டியது.

ஆயுள்

இயற்கையில் 30 முதல் 50 ஆண்டுகள் வாழும். காப்பிடங்களில் அதை விடக் கூடுதலாக வாழும். மிசிசிப்பியில் பிறந்து 1936ஆம் ஆண்டில் பெர்லின் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்ற 'சாட்டர்ன்' என்னும் அலிகேட்டர், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் தப்பி, 1946ஆம் ஆண்டில் மாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அது 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் சுமார் 84 வயதில் இறந்தது. 1937ஆம் ஆண்டில் பெல்கிரேடு காட்சிச்சாலைக்கு வந்த 'மூயா' அங்கு 80 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்துள்ளது.

அழிவும் மீட்சியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் காலணி, பை, இடைவார் ஆகியவற்றுக்காக அலிகேட்டர்கள் கட்டுப்பாடின்றிக் கொல்லப்பட்டன. சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டு விளைநிலங்களாயின. 1962ஆம் ஆண்டில் லூசியானா வேட்டையைத் தடை செய்தது. 1967ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசு இவ்வினத்தை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. மாநிலம் விட்டு மாநிலம் திருட்டுத் தோல் கடத்துவதை 1969ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் குற்றமாக்கியது. வாழிடம் ஓரளவு எஞ்சியிருந்ததால், வேட்டை நின்றதும் எண்ணிக்கை விரைவாக உயர்ந்தது. 1987ஆம் ஆண்டில் இவ்வினம் முழுமையாக மீண்டதாக அறிவிக்கப்பட்டது.

எனினும் சட்டப் பாதுகாப்பு முற்றிலும் நீக்கப்படவில்லை. அழியும் ஆபத்தில் உள்ள அமெரிக்க முதலையைத் தோற்றத்தில் ஒத்திருப்பதால், தோல் வணிகத்தில் ஒன்றுக்கு மற்றொன்று மாறிவிடாதிருக்க அலிகேட்டர் வணிகமும் கண்காணிக்கப்படுகின்றது.

லூசியானா 1972ஆம் ஆண்டில் கேமரன் வட்டாரத்தில் அளவான வேட்டையை மீண்டும் அனுமதித்தது. அம்மாநிலக் கடலோரச் சதுப்பு நிலங்களில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. பண்ணையாளர்கள் நில உரிமையாளருக்குப் பணம் செலுத்திக் கூடுகளில் இருந்து முட்டைகளைச் சேகரிக்கின்றனர். குஞ்சுகளை வளர்த்து, அவற்றில் அரசு வகுத்த விகிதத்தை, எதிரிகளுக்கு எளிதில் இரையாகாத அளவு வளர்ந்தபின் மீண்டும் சதுப்பு நிலத்தில் விடுகின்றனர். சதுப்பு நிலத்தை அழிக்காமல் வைத்திருப்பதே உரிமையாளருக்கு வருவாய் தருகின்றது. விலங்கைக் கொன்று விற்பதன் வழியாக அதைக் காப்பது சரியா என்ற விவாதம் தொடர்ந்தாலும், எண்ணிக்கை குறையவில்லை.

சீன அலிகேட்டரின் நிலை இதற்கு நேர்மாறானது. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் அதன் வாழிடம் நெல்வயல்களாக மாறியது. காப்பிடங்களில் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்படினும், இயற்கையில் அது மிக அருகிய இனமாகவே உள்ளது. இரு இனங்களின் வரலாற்றையும் ஒப்பிட்டால், வேட்டையை நிறுத்துவது எளிது, இழந்த வாழிடத்தை மீட்பது கடினம் என்பது புலனாகும்.

இன்றைய அச்சுறுத்தல்கள்

- மாசு: புளோரிடாவின் அப்பாப்கா ஏரிக்கு அருகில் 1980ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லி வேதிப்பொருட்கள் கசிந்தன. அதன் பின் அங்கு அலிகேட்டர் எண்ணிக்கை சரிந்தது. குஞ்சுகளில் பாலுறுப்புக் குறைபாடுகளும் இயக்குநீர் மாற்றங்களும் இருப்பதை லூயி கில்லெட்டும் குழுவினரும் 1990களில் கண்டறிந்தனர். வேதிப்பொருட்கள் இயக்குநீர்களைக் குலைக்கும் என்ற கருத்து வலுப்பெற இவ்வாய்வு காரணமாயிற்று.
- உப்பு நீர் புகுதல்: கடல்மட்டம் உயர்வதால் கடலோர நன்னீர்ச் சதுப்புகள் உவர்ப்பாகின்றன.
- நீரோட்ட மாற்றம்: எவர்கிளேட்ஸ் பகுதியில் கால்வாய்களும் மதகுகளும் இயற்கையான நீர்மட்டத்தை மாற்றியுள்ளன. கூடு கட்டிய பின் நீர்மட்டம் திடீரென உயர்ந்தால் முட்டைகள் மூழ்கிவிடும்.
- அயல் இனங்கள்: எவர்கிளேட்ஸில் பெருகியுள்ள பர்மிய மலைப்பாம்பு, அலிகேட்டரின் இரையைக் குறைப்பதுடன் சிறிய அலிகேட்டர்களையும் உண்கின்றது. பெரிய அலிகேட்டர்கள் இப்பாம்புகளை உண்பதும் உண்டு.

மனிதருடன் உறவு

அலிகேட்டர் இயல்பாக மனிதரை விட்டு விலகும் விலங்கு. புளோரிடாவில் 1948ஆம் ஆண்டு முதல் தாக்குதல்கள் பதிவு செய்யப்படுகின்றன. சீண்டப்படாமலே கடித்து, மருத்துவம் தேவைப்படும் நிகழ்வுகள் அங்கு ஆண்டுக்குச் சராசரியாக எட்டு அளவில் உள்ளன. இறப்புகள் அரிது. மனிதர் உணவிடுவதால் அச்சம் நீங்கிய விலங்குகளே பெரும்பாலும் ஆபத்தாகின்றன. ஆகவே அலிகேட்டருக்கு உணவிடுவது புளோரிடாவில் சட்டப்படி குற்றம். அந்தி முதல் விடியல் வரை நீந்தாதிருத்தல், நாய்களை நீரோரம் விடாதிருத்தல், குஞ்சுகளை நெருங்காதிருத்தல் ஆகியன அங்கு வலியுறுத்தப்படுகின்றன. குஞ்சுகள் இருக்கும் இடத்தில் தாயும் அருகில் இருக்கும்.

அமெரிக்க அலிகேட்டர் 1987ஆம் ஆண்டு முதல் புளோரிடா மாநிலத்தின் ஊர்வன விலங்குச் சின்னமாக விளங்குகின்றது.